தேவையானது ஒன்று



பெத்தானியா ஊரிலே இரு சகோதரிகளின் இல்லத்துக்கு நம் ஆண்டவர் எழுந்தருளிய நிகழ்ச்சியை நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள் (லூக். 10, 38-42). மார்த்தா விருந்தோம்பும் வேலையில் அங்குமிங்கும் ஓடுகிறாள். மரியாளோ ஆண்டவரின் பாதத்தடியில் அமர்ந்து அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மார்த்தா பொறுக்கமாட்டாமல் முறையிடுகிறாள். அப்போது ஆண்டவர், அவள் பலவற்றைப் பற்றிக் கவலைப்பட்டுக் கலங்குகிறாள் என்பதையும், தேவையானது ஒன்றே என்பதையும் அன்போடு உணர்த்துகிறார்.

இந்தப் பகுதி பூசையில் வாசிக்கப்படும்போது நம் தாய்மாருள் சிலர், "வேலை செய்கிறவளைக் கண்டித்து, சும்மா இருக்கிறவளை மெச்சுகிறாரே" என்று மனத்துக்குள் வருந்துவதுண்டு. சற்றுக் கவனியுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு வா என்று ஆண்டவர் மார்த்தாவிடம் சொல்லவில்லை. அவர் தொட்டுக்காட்டியது அவளுடைய உள்ளத்தின் கலக்கத்தை. கைகள் பல வேலை செய்யலாம். உள்ளம் பல துண்டாகிவிட்டால்தான் கைகளும் சோர்ந்து போகின்றன.

உள்ளம் இப்படிப் பல துண்டாகி நிற்கும் ஒரு கூட்டத்தார் நம் குடும்பங்களில் உண்டு. அவர்களைப் பற்றி நாம் பேசுவது குறைவு. பல துறைகளில் ஆசையும் ஆற்றலும் உடையவர்களைத்தான் சொல்கிறேன்.

ஒரு வாலிபனை எண்ணிப் பாருங்கள். கோவில் பாடகர் குழுவில் ஓகன் வாசிப்பான். பழுதான மின்விசிறியைக் கழற்றிப் பூட்டிவிடுவான். கவிதை எழுதுவான். பிரெஞ்சு மொழி படிக்கத் தொடங்கி ஆறாம் பாடத்தில் நிறுத்தியிருப்பான். வீட்டு வளவில் காளான் வளர்ப்புக்குப் போட்ட கொட்டில் பாதியில் நிற்கும். "கெட்டிக்காரப் பொடியன்தான், ஆனால் ஒண்டிலையும் நிக்கமாட்டான்" என்று அயலவர் சொல்வர். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்று பாட்டன் பழமொழி சொல்வார். இதையெல்லாம் கேட்டுக் கேட்டு, தான் உருப்படாதவன் என்று அவனே நம்பத் தொடங்கிவிடுவான்.

ஒரு குடும்பத் தலைவியையும் எண்ணிப் பாருங்கள். பள்ளி நாளில் வயலின் பயின்றவள், நன்றாக எழுதியவள், தையலில் கைதேர்ந்தவள். இன்று பிள்ளைகளை ரியூசனுக்கு ஏற்றி இறக்குவதிலேயே பொழுது போய்விடுகிறது. இரவிலே தனித்திருக்கும் வேளையில், கடவுள் தந்தவற்றையெல்லாம் மண்ணில் புதைத்துவிட்டேனோ என்ற கேள்வி அவளை வாட்டுகிறது.

இவர்களுக்கு நற்செய்தி என்ன சொல்கிறது?

முதலாவதாக, பல திறமைகள் இருப்பது பாவம் அன்று. தாலந்துகளின் உவமையிலே தலைவன் ஒருவனுக்கு ஐந்து, ஒருவனுக்கு இரண்டு, ஒருவனுக்கு ஒன்று என்று அவரவர் ஆற்றலுக்கேற்பக் கொடுக்கிறான் (மத். 25, 14-30). அக்காலத்தில் ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரி. ஒரு தெனாரி ஒரு கூலியாளின் நாட்கூலி. ஆகவே ஒரு தாலந்து என்பதே ஒருவன் இருபது ஆண்டளவு உழைத்துப் பெறும் பெருந்தொகை. ஐந்து பெற்றவனை நோக்கி, "ஏன் உனக்கு இத்தனை? ஒன்றோடு நின்றிருக்கக் கூடாதா?" என்று தலைவன் கேட்கவில்லை. கொடுத்தவனே அவன்தான். கணக்குக் கேட்கப்பட்ட நாளில் குற்றவாளியாக நின்றவன், பயந்து புதைத்தவனே.

ஆனால் ஐந்து தாலந்து பெற்றவனுக்கு ஒரு சோதனை உண்டு. தொடங்குவதில் ஓர் இன்பம் இருக்கிறது. செய்து முடிப்பதில் வேறோர் இன்பம் இருக்கிறது. முதலாவது எளிதில் கிடைக்கும், விரைவில் கசக்கும். புதிய புத்தகத்தின் முதற் பக்கம், புதிய கருவியைத் தொட்ட முதல் நாள், புதிய சங்கத்தின் முதற் கூட்டம் எல்லாம் இனிக்கும். பத்தாம் நாளில் சலிப்பு வரும்போது, அடுத்த புதியது கண்ணைச் சிமிட்டி அழைக்கும். இந்நாளில் கைத்தொலைபேசி வேறு ஒரு மணிக்குள் நூறு புதியவற்றைக் காட்டிவிடுகிறது. கோபுரம் கட்டப் புகுந்தவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா என்று ஆண்டவர் கேட்டது (லூக். 14, 28-30) இத்தகையோரை நினைத்துத்தானோ என்று தோன்றுகிறது.

சரி, இதற்கு வழி என்ன? ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றையெல்லாம் வெட்டி எறிய வேண்டுமா? புனிதர்கள் இருவர் நமக்கு வழி காட்டுகின்றனர்.

பிரான்ஸ் நாட்டின் லிசியே நகரிலே 1888ஆம் ஆண்டு, தமது பதினைந்தாவது வயதில் கார்மேல் மடத்திற் புகுந்தவர் சிறுமலர் தெரேசம்மாள். அடைபட்ட மடம், அமைதியான வாழ்வு. ஆனால் 1896ஆம் ஆண்டு செப்டெம்பரில் அவர் எழுதியதைப் படித்தால், அந்த இளம் உள்ளத்துக்குள் எத்தனை ஆசைகள் மோதின என்பது விளங்கும். குருவாகவும், அப்போஸ்தலராகவும், போர்வீரராகவும், மறைவல்லுநராகவும், வேதசாட்சியாகவும், எல்லாமாகவும் ஒருங்கே இருக்க அவர் விரும்பினார். அந்த ஆசைகளே அவருக்கு வேதனையாயின. ஆறுதல் தேடி அவர் புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தைத் திறந்தார். எல்லாரும் எல்லாமாக இருக்க முடியாது, உடலில் உறுப்புகள் பல என்று பன்னிரண்டாம் அதிகாரத்தில் வாசித்தார். அது உண்மையென்று ஏற்றார்; மனமோ ஆறவில்லை. விடாமல் மேலே வாசித்தார். பதின்மூன்றாம் அதிகாரத்தில், எல்லா வரங்களிலும் மேலானது அன்பு என்பதைக் கண்டார். எல்லா உறுப்புகளையும் இயக்கும் இதயம் ஒன்று திருச்சபைக்கும் உண்டு, அந்த இதயத்திலே அன்பாக இருப்பதே தம் அழைத்தல் என்று அறிந்து பேரானந்தம் கொண்டார்.

அடுத்த ஆண்டே, 1897 செப்டெம்பர் 30ஆம் திகதி, இருபத்து நான்கு வயதில் அவர் இறந்தார். மடத்தை விட்டு எந்த மறைபரப்பு நாட்டுக்கும் போகாத அவரை 1927இல் திருச்சபை மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாக அறிவித்தது. 1997இல் மறைவல்லுநர் என்ற பட்டத்தையும் அளித்தது. ஆசைகளைக் கொன்றுவிட்டுப் பெற்ற அமைதியன்று அவருடையது. ஆசைகளுக்கெல்லாம் வேர் எது என்று தோண்டிக் கண்ட அமைதி.

இரண்டாமவர் புனித இஞ்ஞாசியார். 1521ஆம் ஆண்டு பம்பலோனாக் கோட்டைப் போரிலே பீரங்கிக் குண்டு அவருடைய காலை முறித்தது. லொயோலாவில் படுக்கையில் கிடந்தவர் பொழுதுபோக்க வீரக் கதைகள் கேட்டார். கிடைத்தவையோ கிறிஸ்துநாதர் சரித்திரமும் புனிதர் சரித்திரமும். வாசிப்பார், பின்பு மணிக்கணக்காகக் கனவு காண்பார். ஒருபொழுது அரசவைப் பெருமாட்டி ஒருத்திக்காகத் தாம் செய்யப்போகும் வீரச் செயல்களைப் பற்றிய கனவு. இன்னொரு பொழுது புனித பிரான்சிஸ்குவைப் போல், புனித தோமினிக்குவைப் போல் தாமும் வாழ்ந்தால் என்ன என்ற கனவு. இரண்டுமே எண்ணும்போது இனித்தன. ஆனால் ஒருநாள் அவர் ஒரு வேறுபாட்டைக் கண்டுகொண்டார். முதலாவது கனவு போன பின்பு உள்ளம் வறண்டு சலித்தது. இரண்டாவது போன பின்பும் உள்ளம் நிறைந்து மகிழ்ந்தது. நினைக்கும்போது உள்ள சுவையை விட்டு, பின்பு எஞ்சும் சுவையைப் பார்க்கக் கற்றுக்கொண்டார். தன்னை அறிதலின் அரிச்சுவடி இதுவே.

அதோடு அவருடைய பாடம் முடிந்துவிடவில்லை. ஆன்மாக்களுக்கு உதவக் கல்வி வேண்டுமென்று கண்டு, 1524ஆம் ஆண்டில், முப்பது வயது கடந்தபின், பார்செலோனாவிலே இலத்தீன் இலக்கணம் படிக்க உட்கார்ந்தார். வினைச்சொல் வாய்பாட்டை மனனம் செய்யத் தொடங்கியதும் உயர்ந்த ஞானச் சிந்தனைகள் வெள்ளமாக வரும். பாடம் தலையில் ஏறாது. செபத்தில் வராத இந்தச் சிந்தனைகள் பாட நேரத்தில் மட்டும் வருவானேன் என்று யோசித்தார். இது நல்ல உருவில் வந்த சோதனை என்று தெளிந்தார். உடனே ஆசிரியரைக் கோவிலுக்கு அழைத்துச் சென்று உள்ளதைச் சொன்னார். பார்செலோனாவில் உயிர்வாழ அப்பமும் தண்ணீரும் கிடைக்கும் வரையில், இரண்டு ஆண்டுக்கும் உங்கள் பாடத்தைத் தவறாமல் கேட்பேன் என்று வாக்குக் கொடுத்தார். அதன்பின் அந்தச் சோதனை அவரை அணுகவில்லை.

பின்பு அல்கலா நகரிலே தர்க்கம், இயற்கைத் தத்துவம், இறையியல் மூன்றையும் ஒன்றாகப் படிக்கப் புகுந்தார். இடையே மக்களுக்குப் போதனை வேறு. ஒன்றிலும் ஆழம் போகவில்லை. 1528இல் பாரிஸ் சென்றபோது அடித்தளம் இல்லை என்று உணர்ந்து, மீண்டும் முதல் வகுப்பிலிருந்து சிறுவர்களோடு அமர்ந்து ஒவ்வொன்றாகப் படித்தார். தத்துவம் பயின்ற நாளில் ஞான உரையாடல்களைக்கூடக் குறைத்துக்கொண்டார். பாடம் முடியட்டும், பின்பு பழையபடி தொடங்குவேன் என்றார். 1535இல் பட்டம் பெற்றார். அந்தப் பாரிஸ் விடுதி அறையிலே அவரோடு தங்கியிருந்தவர்களுள் ஒருவரே புனித சவேரியார் என்பதை மறவாதீர்கள். அவர் 1542இல் இந்தியக் கரை சேர்ந்தார். அவர் மூட்டிய விசுவாசத் தீபத்தின் ஒளி நம் மன்னார் மண்ணுக்கும் வந்தது. பாரிஸிலே ஒருவர் பொறுமையோடு பாடம் படித்ததன் பலன் நம் கரை வரை எட்டியிருக்கிறது.

அன்பர்களே, இந்த இருவரிடமிருந்தும் நாம் கற்பது ஒன்று: எல்லாம் நல்லவையாக இருக்கலாம், ஆனால் எல்லாம் இந்த வேளைக்குரியவை அல்ல. அன்பு ஒன்றாக இருக்கட்டும். வேலைகள் அதனதன் முறைக்கு வரட்டும்.

நம் மண்ணிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரை அறியாதவர் நம்மிடையே இல்லை. 1875இல் மானிப்பாயிற் பிறந்தவர். இளமையில் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞர் வேலை பார்த்தவர். அதை விட்டு அமலமரித் தியாகிகள் சபையில் சேர்ந்து 1901இல் குருவானார். வரலாறு, மொழியியல், சமய ஆராய்ச்சி என்று அவர் கைவைத்த துறைகள் பல. கற்ற மொழிகளும் பல. "யாழ்ப்பாண வைபவ விமர்சனம்" என்னும் நூலை 1928இல் வெளியிட்டார். இத்தனைக்கும் நடுவில் அவர் ஊர் ஊராகச் சென்று மறைபோதித்த ஒரு மிஷனரி. பல இடங்களிற் கோவில்களை எழுப்பியவர். சிதறிப் போனாரா? இல்லை. தம் மக்களின் மொழியையும் வரலாற்றையும் அறிந்து அவர்களிடம் கிறிஸ்துவைக் கொண்டு செல்வது என்ற ஒரே வேரிலிருந்து அந்தக் கிளைகளெல்லாம் புறப்பட்டன என்றே கொள்ளத் தோன்றுகிறது.

இன்னும் ஒன்று. அவருடைய சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதி 1938இலிருந்து பகுதி பகுதியாக வெளிவந்தது. அது முற்றுப்பெறும் முன்னரே 1947 ஜனவரியில் அவர் காலமானார். அது முடியாத வேலைதான். அதற்காக அவரை நிலையற்றவர் என்று யார் சொல்வார்? சலித்துப்போய்க் கைவிட்டது வேறு. உழைத்துக்கொண்டிருக்கும்போது நின்றுபோனது வேறு.

இதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1995ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தவர்களும், 2009 வரை வன்னியில் ஊர் ஊராக ஓடியவர்களும் எத்தனை காரியங்களைப் பாதியில் விட்டு எழும்பினார்கள்! படிப்பு நின்றது, தொழில் நின்றது, வாசித்த வயலின் வீட்டோடு போனது. அந்தத் தலைமுறையினர் இன்றும், "நான் ஒன்றையும் முடிக்கவில்லையே" என்று தங்களையே நொந்துகொள்வதுண்டு. சகோதரனே, சகோதரியே, உன்னிடமிருந்து பறிக்கப்பட்டதை நீ கைவிட்டதாக எண்ணாதே. ஆண்டவர் அந்தக் கணக்கை உன் பெயரில் எழுதமாட்டார். எஞ்சியிருப்பதில் ஒன்றை எடுத்து இன்று மெல்லத் தொடங்கு.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் பதினாறு வயதுப் பிள்ளையை நிறுத்தி, உயிரியலா, கணிதமா, வர்த்தகமா, கலையா, தொழினுட்பமா என்று கேட்கிறோம். பல நேரம் கேட்பதுமில்லை. நாமே முடிவு செய்துவிடுகிறோம். பல திறமையுள்ள பிள்ளைக்கு இது மிகக் கடினமான வேளை. ஒன்றைத் தெரிவுசெய்தால் மற்றவை செத்துவிடுமோ என்று அது அஞ்சுகிறது. "இப்போது இதைப் படி, உன் இசையும் உன் எழுத்தும் காத்திருக்கும், அவற்றை ஒருவரும் உன்னிடமிருந்து பறிக்கவில்லை" என்று சொல்லுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். நிலைக்கமாட்டான் என்ற பட்டத்தை ஒருபோதும் சூட்டாதீர்கள். பிள்ளைகள் நாம் இட்ட பெயருக்கேற்ப வளர்ந்துவிடுவார்கள்.

பிழைப்புக்காகச் செய்யும் தொழில் உள்ளத்துக்குப் பிடித்த தொழிலாக இல்லையே என்று வருந்துவோரும் உண்டு. புனித சின்னப்பர் கொரிந்து நகரிலே கூடாரம் செய்யும் தொழில் செய்துதான் உண்டார் (அப். பணி 18, 3). அது அவருடைய அழைத்தலைக் கெடுக்கவில்லை, தாங்கிநின்றது.

இனி, நடைமுறைக்கு நான்கு காரியங்கள் சொல்கிறேன்.

ஒன்று: ஒரு கொப்பி எடுங்கள். நீங்கள் செய்கிற, செய்ய விரும்புகிற, பாதியில் விட்ட அனைத்தையும் ஒளிக்காமல் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், இது யாருக்கு என்று எழுதுங்கள். ஊரார் மெச்சுவதற்கு மட்டும் என்று எழுத நேர்ந்தால், அதைத் தயங்காமல் விட்டுவிடலாம்.

இரண்டு: இரண்டு கிழமைகள், இரவுச் செபத்தின்போது ஐந்து நிமிடம் அன்றைய நாளைத் திரும்பிப் பாருங்கள். எந்த வேலைக்குப்பின் உள்ளத்தில் அமைதியும் நன்றியும் எஞ்சின? எதற்குப்பின் வறட்சி எஞ்சியது? ஒரு சொல் போதும், குறித்துவையுங்கள். இரண்டு கிழமை சென்றபின் வாசித்தால், உங்கள் உள்ளமே உங்களுக்குப் பதில் சொல்லும். ஒரு தெளிவு வராவிட்டால் நல்ல ஆன்ம குருவிடம் அந்தக் கொப்பியோடு போங்கள்.

மூன்று: இப்போதைக்குரிய பெரிய வேலை ஒன்றைத் தெரிந்து, முடிவு நாளையும் குறியுங்கள். திருவருகைக் காலம் தொடங்கும் வரை, அல்லது உயிர்ப்பு விழா வரை என்று வையுங்கள். இளைப்பாறச் சிறியதொன்று அதோடு இருக்கட்டும். மற்றவற்றைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில், காத்திருப்பவை என்று எழுதி மூடுங்கள். இஞ்ஞாசியார் ஆசிரியரிடம் சொன்னதுபோல, உங்கள் தீர்மானத்தை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லிவையுங்கள். சலிப்பு வரும் பத்தாம் நாளில் அந்த வாக்குத்தான் உங்களைத் தாங்கும்.

நான்கு: உங்களால் செய்ய முடியாததை மற்றவர் கையில் கொடுங்கள். இரு உறுப்புகளுக்கு ஒரே வேலை கடவுள் வைக்கவில்லை. பங்கிலே பாடகர் குழு, மறைக்கல்வி, வின்சென்ட் தே போல் சபை, மரியாயின் சேனை எல்லாவற்றிலும் நீங்களே நிற்க வேண்டியதில்லை. நீங்கள் விலகும் ஓர் இடத்திலே, இதுவரை ஒதுங்கி நின்ற ஓர் இளைஞன் முன்வரக்கூடும். அதுவும் அன்பின் செயலே.

தாயான சகோதரிகளுக்குத் தனியே ஒன்று சொல்கிறேன். இந்தப் பருவத்தில் உங்கள் பெரிய வேலை உங்கள் குழந்தைகளாக இருந்தால், மற்றத் திறமைகளை நீங்கள் புதைக்கவில்லை, விதையாக வைத்திருக்கிறீர்கள். ஆயினும் கணவன்மாரே, அந்த விதைக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் தண்ணீர் ஊற்ற வழி செய்யுங்கள். அந்த ஒரு மணிக்குப் பிள்ளைகளை நீங்கள் பாருங்கள்.

மார்த்தாவின் கதை லூக்காஸ் நற்செய்தியோடு முடிந்துவிடவில்லை. சகோதரன் லாசர் இறந்து நான்கு நாளானபின் ஆண்டவரை எதிர்கொள்ள ஓடியவளும், அவரே கடவுளின் மகனாகிய மெசியா என்று அறிக்கையிட்டவளும் அவளே (அரு. 11, 27). பாஸ்காவுக்கு ஆறு நாளுக்கு முன் பெத்தானியாவில் நடந்த விருந்திலே அவள் மறுபடியும் பரிமாறுகிறாள் (அரு. 12, 2). அதே வேலை, அதே கைகள். ஆனால் முறையீடு ஒன்றும் இல்லை. தேவையான ஒன்றைக் கண்டுகொண்டவளுக்குப் பல வேலைகளும் பாரமாகத் தோன்றவில்லைபோலும்.

ஆகவே, அன்பர்களே, உங்களுக்குத் தரப்பட்டவை பல என்றால் பயப்படாதீர்கள், நன்றி சொல்லுங்கள். இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்ததும் சற்று நேரம் மௌனமாக இருந்து, "ஆண்டவரே, நீர் தந்த இத்தனையிலும் இந்த வேளைக்கு என்னிடம் கேட்பது எது?" என்று ஒவ்வொருவரும் தன்தன் உள்ளத்தில் கேட்போம். அவர் காட்டுகிற ஒன்றை நாளைக் காலையிலே கையில் எடுப்போம். மற்றவற்றை அவருடைய கையில் விட்டுவைப்போம். அவரிடத்தில் ஒன்றும் தொலைவதில்லை.

இறைவன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.